ஒரு மைல் நிலமும் 3,000 அடி விதியும்: டெக்சாஸின் எஸ்.பி. 624 மசோதாவை எதிர்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு எதற்காக

2023இல் டெக்சாஸ் செனட்டில் வந்த காற்றாலை, சூரிய மின் திட்டங்களுக்குப் புதுக் கட்டுப்பாடுகள் விதிக்கும் எஸ்.பி. 624 (எஸ்.பி. என்றால் செனட் மசோதா) என்பதை எதிர்த்து, மேற்கு டெக்சாஸின் ஒரு கிராமப்புறக் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சிலர் எடுத்த முயற்சியின் பதிவு இது. அவர்களுக்குக் கணக்கும் எழுத்தும் செய்து கொடுத்த மின்பொறியாளன் நான். யாருடைய பெயரையும், கவுண்டியின் பெயரையும், காற்றாலை நிறுவனத்தின் பெயரையும் எழுதவில்லை. எங்கே தவறு செய்தோம் என்பதையும் மறைக்கவில்லை. இதே வகை மசோதாக்கள் மறுபடியும் வருகின்றன. எதிர்க்கப் போகிறவர்களுக்கு எங்கள் அனுபவம் கொஞ்சமாவது பயன்பட வேண்டும்.

பின்னணி

அமெரிக்க மாநிலங்களில் காற்றிலிருந்து அதிக மின்சாரம் எடுப்பது டெக்சாஸ்தான். அதற்கு வழி திறந்ததும் சட்டமே. 1999இல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆளுநராக இருந்தபோது கையெழுத்திட்ட எஸ்.பி. 7, 2009க்குள் 2,000 மெகாவாட் புதிய புதுப்பிக்கத்தக்க மின்திறன் வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2005இல் அந்த இலக்கு உயர்ந்தது. அதே ஆண்டு சட்டத்தின் பேரில், காற்று வீசும் மேற்கிலிருந்து மக்கள் வசிக்கும் கிழக்குக்குச் சுமார் 3,600 மைல் நீளத்துக்கு உயர் அழுத்த மின்பாதைகள் போடப்பட்டன. அந்தப் பணி 2014 வாக்கில் முடிந்தது.

2021 பிப்ரவரிப் பனிப்புயலுக்குப் பிறகு காற்று திசை மாறியது. மின்வெட்டில் லட்சக்கணக்கானோர் நாட்கணக்கில் குளிரில் தவித்தார்கள். மாநிலச் சுகாதாரத் துறையின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். காற்றாலைகள் உறைந்ததுதான் காரணம் என்ற பேச்சு அந்த வாரமே தொலைக்காட்சியில் பரவிவிட்டது. பின்னர் வந்த கூட்டாட்சி ஆய்வு அறிக்கை, எதிர்பாராமல் முடங்கிய அல்லது உற்பத்தி குறைந்த மின்னாக்க அலகுகளில் 58 சதவீதம் இயற்கை எரிவாயு அலகுகள் என்று சொன்னது. அதற்குள் பழி பதிந்துவிட்டது. பதிந்த பழியை அறிக்கைகளால் எளிதில் அழிக்க முடியாது என்பதை இந்த வேலை முழுக்கப் பார்த்தோம்.

மசோதா சொன்னது

10 மெகாவாட் அல்லது அதற்கு மேற்பட்ட காற்றாலை, சூரிய மின் திட்டங்கள் மாநிலப் பொதுப்பயன்பாட்டு ஆணையத்திடம் தனி அனுமதி பெற வேண்டும். இன்றைய காற்றாலைகளில் நான்கைச் சேர்த்தாலே 10 மெகாவாட்டைத் தாண்டும். எரிவாயு, நிலக்கரி நிலையங்களுக்குக் காற்று மாசு அனுமதி போன்றவை உண்டு. ஆனால் இப்படியொரு இட அனுமதியை இந்த ஆணையத்திடம் அவை வாங்க வேண்டியதில்லை. பாரம் ஒரு பக்கத்துக்கு மட்டும்.

எங்களை உலுக்கியது தூர விதி. காற்றாலை, பக்கத்துச் சொத்தின் எல்லையிலிருந்து 3,000 அடி தள்ளி இருக்க வேண்டும். வீட்டிலிருந்து அல்ல, எல்லைக்கோட்டிலிருந்து. அதைவிட அருகில் வைக்க வேண்டுமானால் அந்த நிலத்துக்காரர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். சூரியத் தகடுகளுக்கு எல்லையிலிருந்து 100 அடி போதும்.

மின்சாரம் வாங்கும் நிறுவனங்கள் எதை வாங்கலாம் என்று மசோதா நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் விளைய விடாத பயிரை யாரும் சந்தையில் வாங்க முடியாது. கூட்டுறவு மின் சங்கங்களும் நகராட்சி மின் நிறுவனங்களும் மலிவாக ஒப்பந்தம் போட்டு வாங்கிவந்த மின்சாரத்தை அதன் வேரிலேயே குறைக்கும் ஏற்பாடு இது.

யார் யார்

முயற்சியின் நடுவில் இருந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு விதவை. ஒன்றரை செக்‌ஷன் நிலம், அதாவது 960 ஏக்கர். அதில் மாடு மேய்கிறது. நிலத்தில் ஓர் எண்ணெய்க் கிணறும் ஓயாமல் தலையாட்டிக்கொண்டிருக்கிறது; அதிலிருந்து அவருக்குப் பங்குப் பணம் எதுவும் வருவதில்லை. டெக்சாஸில் நிலத்தின் மேற்பரப்பும் அடியில் உள்ள கனிமமும் தனித்தனிச் சொத்துகள். கணவரின் தாத்தா காலத்திலேயே கனிம உரிமை கைமாறிவிட்டது. கனிமம் வைத்திருப்பவருக்கே சட்டத்தில் முன்னுரிமை என்பதால், கிணற்றை வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு வழியில்லை. காற்று மேற்பரப்போடு நிற்கும் உரிமை. தலைமுறைகளுக்குப் பிறகு அந்த நிலத்திலிருந்து அவருக்கே வரக்கூடிய முதல் நிலையான வருமானம் காற்றாலைக் குத்தகைதான்.

அவருடன் இரண்டு பருத்தி விவசாயிகள், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர், பள்ளிக் குழு உறுப்பினர் ஒருவர். டெக்சாஸில் தனிநபர் வருமான வரி கிடையாது. பள்ளியும் கவுண்டியும் சொத்து வரியில் நடக்கின்றன. மக்கள் தொகை குறைந்துவரும் ஊரில் வரி கட்டும் புதுச் சொத்து எது என்ற கேள்விக்கு அங்கே வேறு பதில் அதிகமில்லை.

முதல் வரைவும் அதன் தோல்வியும்

முதல் சாட்சிய வரைவை நான் எழுதினேன். பனிப்புயல் புள்ளிவிவரம், எரிவாயுக் கிணறுகள் உறைந்த கதை, கரிம வெளியேற்றம், மொத்த விற்பனை மின்விலை, எல்லாம் நான்கு பக்கத்தில். எதுவும் பொய்யில்லை. பள்ளிக் குழு உறுப்பினர் பொறுமையாகப் படித்துவிட்டு, "இது உங்கள் துறைக் கூட்டத்துக்கு நல்லது. நம் செனட்டருக்கு வாக்களித்தவர்கள் நாங்கள். அவர் முட்டாள் என்று சொல்வது போல இருக்கிறது" என்றார்.

அவர் சொன்னது சரி. அந்த ஊரில் பெரும்பாலோர் மசோதாவைக் கொண்டுவந்த கட்சிக்கே வாக்களிப்பவர்கள். எண்ணெய்த் தொழிலில் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். எண்ணெயா காற்றா என்று அவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் காற்று தோற்கும். அப்படித் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையும் அவர்கள் வாழ்க்கையில் இல்லை. ஒரே வேலிக்குள் இரண்டும் இருக்கின்றன. எதிரியைத் தேடி எழுதிய வரைவு, நண்பர்களையே எதிரியாக்கப் பார்த்தது. அதைக் கைவிட்டோம்.

மேசை மேல் ஒரு காகிதச் சதுரம்

அடுத்த கூட்டம் விதவையின் சமையலறையில் நடந்தது. கணித ஆசிரியை வரைபடத் தாளும் கவராயமும் கொண்டுவந்திருந்தார். ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் என்று அளவு வைத்து ஒரு செக்‌ஷனை வரைந்தார். ஒரு செக்‌ஷன் என்பது ஒரு மைலுக்கு ஒரு மைல், 640 ஏக்கர். தாளில் அது பக்கத்துக்கு 5.28 அங்குலம். தெற்கு எல்லையிலிருந்து மூன்று அங்குலம் அளந்து சிவப்புப் பென்சிலால் தீட்டினார். பிறகு வடக்கிலிருந்து மூன்று அங்குலம். இரண்டு சிவப்புப் பட்டைகளும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. வெள்ளையாக ஒரு புள்ளி மிஞ்சவில்லை.

நிலத்தின் நட்ட நடுவில் நின்றாலும் எல்லை 2,640 அடியில் வந்துவிடுகிறது. விதி கேட்பதோ 3,000. நான்கு பக்கமும் சம்மதிக்காத அண்டையார் இருந்தால், ஒரே ஒரு காற்றாலை நிற்பதற்கு 6,000 அடிச் சதுரம், ஏறத்தாழ 826 ஏக்கர் வேண்டும்.

விதவை கேட்டார்: "எனக்கு 960 ஏக்கர் இருக்கிறதே?" ஆசிரியை அதையும் வரைந்தார். அவருடைய நிலம் கிழக்கு மேற்காக ஒன்றரை மைல், வடக்கு தெற்காக ஒரு மைல். கிழக்கிலும் மேற்கிலும் இருப்பவர்கள் அதே திட்டத்துக்குக் குத்தகை கொடுத்தவர்கள்; அந்தப் பக்கம் எல்லைச் சிக்கல் இல்லை. வடக்கும் தெற்கும் திட்டத்தில் இல்லை. தாள் மறுபடியும் முழுச் சிவப்பு. நிலம் கிழக்கு மேற்காகப் பத்து மைல் நீண்டாலும் அப்படியேதான்.

நானும் மசோதாவைப் பல முறை படித்திருந்தேன். 3,000 என்ற எண் எனக்கு ஏதோ ஒரு பெரிய தூரமாக மட்டும் இருந்தது. மேற்கு டெக்சாஸின் பெரும்பகுதி, ரயில்வேக்கு நிலம் கொடுத்த காலத்தில் மைல் கணக்கில் சதுரம் சதுரமாக அளந்து, ஒன்றுவிட்டு ஒன்று பள்ளி நிதிக்கென ஒதுக்கிப் பிரித்த பூமி. அந்தச் சதுரங்களை மனத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்த எண் என்ன செய்கிறது என்று தெரியும்.

இனி வடக்கு, தெற்கு அண்டையாரின் கையெழுத்து வேண்டும். வடக்கு நிலம் இறந்துபோன ஒருவரின் வாரிசுகளுக்குப் பிரிக்காமல் கிடக்கிறது: ஒன்பது பேர், நான்கு மாநிலங்களில். சிலருடைய முகவரியே யாரிடமும் இல்லை. தெற்கில் இருப்பவர் காற்றாலையை மனதார வெறுக்கிறவர்.

அன்றைக்கே முடிவு செய்தோம். பருவநிலையும் பனிப்புயலும் வேறு யாராவது பேசட்டும். எங்கள் சாட்சியம் முழுக்கச் சொத்துரிமை: என் நிலத்தில் நான் என்ன செய்யலாம் என்பதை, அதில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவர் முடிவு செய்யும்படி இந்தச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது.

எண்ணெய்க் கிணற்றோடு ஒப்பிட்டதில் ஒரு திருத்தம்

டெக்சாஸ் ரயில்ரோடு ஆணையம்தான் பெயருக்கு மாறாக எண்ணெய், எரிவாயுவை ஒழுங்குபடுத்துகிறது. அதன் 37ஆம் விதிப்படி, விலக்கு இல்லாவிட்டால் கிணறு எல்லையிலிருந்து குறைந்தது 467 அடி தள்ளி இருக்க வேண்டும். கிணற்றுக்கு 467, காற்றாலைக்கு 3,000 என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். குத்தகைப் பத்திர வேலையில் ஓய்வுபெற்ற ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, அந்த விதி அடுத்தவர் நிலத்தடி எண்ணெயை உறிஞ்சாமல் காப்பதற்கு, வீட்டுக்காரரின் அமைதிக்காக அல்ல என்று விளக்கினார். 467 என்ற எண்ணிக்கையை நீக்கவில்லை, நோக்கம் வேறு என்பதை அடுத்த வரியிலேயே சேர்த்தோம். எதிர்த்தரப்பு அதைச் சுட்டிக்காட்டியிருந்தால் மற்ற கணக்கும் சந்தேகத்துக்கு ஆளாகியிருக்கும்.

தெற்கு வேலிக்காரர்

இந்த முயற்சியில் நாங்கள் மிகத் தாமதமாகச் செய்ததும், முதலில் செய்திருக்க வேண்டியதும் இதுதான். தெற்கு அண்டையாரிடம் யாரும் பேசவே இல்லை. அவர் "எதிர்ப்பவர்", அவ்வளவுதான். செனட் குழு விசாரணைக்கு ஒரு வாரம் முன்பு விதவையே அவர் வீட்டுக்குப் போனார். என்னையும் அழைத்துப் போனார்.

அவர் எங்களைத் திண்ணையில் உட்காரவைத்தார். பொழுது சாய்ந்திருந்தது. கிழக்கே பல மைல் தள்ளி ஏற்கெனவே இருக்கும் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் ஒன்றாக எரிந்தன, ஒன்றாக அணைந்தன. அவர் எதுவும் சொல்லாமல் அதையே காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடத்தில் எனக்கே கண் வேறு பக்கம் திரும்ப மறுத்தது. "என் அப்பா இங்கே உட்கார்ந்து நட்சத்திரம் பார்ப்பார்" என்றார். பிறகு மேற்கு டெக்சாஸின் ஸ்வீட்வாட்டர் நகரில் குவிந்து கிடந்த பழைய காற்றாலை இறக்கைகளைப் பற்றிக் கேட்டார். கம்பெனி திவாலானால் இந்த இரும்பை யார் பிடுங்குவது?

கடைசிக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருந்தது. காற்றாலைக் குத்தகை ஒப்பந்தங்களில் பிரித்தகற்றும் கடமையும் அதற்கான நிதி உத்தரவாதமும் இருக்க வேண்டும் என்று 2019இலேயே எச்.பி. 2845 (எச்.பி. என்றால் பிரதிநிதிகள் சபை மசோதா) சொல்லிவிட்டது, சூரிய மின் திட்டங்களுக்கு 2021இல் எஸ்.பி. 760 வந்தது. ஆனால் அது குத்தகை கொடுத்தவரின் ஒப்பந்தம். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கையில் ஒரு காகிதமும் இல்லை. விளக்குக்கும் தீர்வு உண்டு: விமானம் நெருங்கும்போது மட்டும் எரியும் ராடார் ஏற்பாடு. அது செலவு பிடிக்கும் என்பதால் கம்பெனி தானாக முன்வந்து சொல்லவில்லை.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. மசோதா அந்தக் கோபத்தின் மேல்தான் நின்றது. ஆனால் அது விளக்கையும் அணைக்கவில்லை, அவருக்கு உத்தரவாதக் காகிதமும் தரவில்லை. பக்கத்து நிலத்தைப் பூட்டும் சாவியை மட்டும் தந்தது. இதை அவரிடமே சொன்னோம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால், மசோதாவை ஆதரித்துச் சாட்சி சொல்ல மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்குப் போகப் போவதில்லை என்றார்.

செனட் விசாரணை

விடியுமுன் கிளம்பினோம். ஆஸ்டினில் சட்டமன்றக் கட்டடத்துக்கு நேரில் போய்ப் பதிவு செய்தால்தான் செனட் குழு முன் பேச முடியும். ஆதரவு, எதிர்ப்பு, பொதுக் கருத்து என்று மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். பிறகு காத்திருப்பு. எங்கள் முறை வந்தபோது பகல் போய்விட்டிருந்தது. ஆளுக்கு இரண்டு நிமிடம்.

விதவை எழுதி வைத்திருந்ததைப் படிக்கவில்லை. சிவப்புத் தாளைத் தூக்கிப் பிடித்தார். "இது என் நிலம். இந்தச் சட்டப்படி எங்கே வைக்கலாம் என்று காட்டுங்கள்" என்றார். ஓர் உறுப்பினர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, அண்டையார் சம்மதித்தால் வைக்கலாமே என்றார். ஒன்பது வாரிசுகளின் கதையைச் சொல்லத் தொடங்கியபோது மணி அடித்துவிட்டது. அதை முதல் நிமிடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். தயாரித்துக் கொடுத்தவன் என்ற முறையில் அந்தப் பிழை என்னுடையது.

மசோதா செனட்டில் நிறைவேறியது. சட்டமாவதற்கு, இன்னோர் அவையான பிரதிநிதிகள் சபையையும் அது தாண்ட வேண்டும்.

பிரதிநிதிகள் சபையும் நாட்காட்டியும்

டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதிகபட்சம் 140 நாள் நடக்கும். 2023இல் அது மே 29 அன்று முடிந்தது. செனட் மசோதாக்களைப் பிரதிநிதிகள் சபை எடுத்துக்கொள்ளக் கடைசி நாள் 134ஆவது நாள், அதாவது மே 23. எனவே மசோதாவைத் தோற்கடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. அது சபைக்கு வராமல் நாள் கடந்தால் போதும். இது எங்களுக்கு ஏப்ரல் கடைசியில்தான் உறைத்தது. சபையின் 150 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதும் திட்டத்தை விட்டுவிட்டு, எங்கள் தொகுதி உறுப்பினர் ஒருவரிடம் மட்டும் போனோம். பள்ளிக் குழு உறுப்பினர் வரி வருவாய்த் தாளையும், விதவை சிவப்புத் தாளையும் கொடுத்தார்கள். அவர் எந்த வாக்குறுதியும் தரவில்லை. தாளை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

மே 23 கடந்தது. மசோதா சபையில் வாக்கெடுப்புக்கு வரவே இல்லை.

அதை நாங்கள் தடுத்தோம் என்று சொல்லமாட்டேன். மின் நிறுவனங்களும் தொழில் அமைப்புகளும் எங்களைவிடப் பெரிய பலத்தோடு எதிர்த்தன. எங்கள் பங்கு, தூரத்து நிறுவனங்களின் லாபச் சண்டையாக மட்டும் இது தெரியாமல் போனதில் இருக்கலாம்.

பிறகு நடந்தவை

நாங்கள் 624ஐயே பார்த்துக்கொண்டிருந்த வேளையில், அதே கூட்டத்தொடரில் எச்.பி. 1500 நிறைவேறி, 1999இல் தொடங்கிய புதுப்பிக்கத்தக்க மின்சார இலக்கு முடிவுக்கு வந்தது. 2005இல் 10,000 மெகாவாட்டாக உயர்ந்த அந்த இலக்கை மாநிலம் 2010க்குள்ளாகவே தாண்டிவிட்டதால் நடைமுறை இழப்பு சிறிதுதான். ஆனால் அது நடப்பதே எங்கள் குழுவில் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

2025இல் அனுமதி மசோதா எஸ்.பி. 819 என்ற புது எண்ணில் திரும்பி வந்தது. கூடவே இரண்டு: புதிதாக வரும் மின்திறனில் பாதி, வேண்டும்போது இயக்கக்கூடிய, பேட்டரி அல்லாத நிலையங்களாக இருக்க வேண்டும் என்றது எஸ்.பி. 388, ஏற்கெனவே ஓடும் காற்று, சூரிய நிலையங்களும் தங்களுக்கு மாற்று மின்திறன் காட்ட வேண்டும் என்றது எஸ்.பி. 715. மூன்றும் செனட்டைத் தாண்டின. மூன்றும் பிரதிநிதிகள் சபையைத் தாண்டாமல் ஜூன் 2 அன்று காலாவதியாயின.

விதவையின் நிலத்தில் இப்போது இரண்டு காற்றாலைகள் சுற்றுகின்றன. தெற்கு எல்லைக்கு அருகில் வரவிருந்ததை, விதவையின் வற்புறுத்தலின் பேரில் நிறுவனம் வடக்கே நகர்த்தியது. விளக்கு ஏற்பாடு இன்னும் வரவில்லை. தெற்கு அண்டையார் அதைப் பற்றி ஒவ்வொரு முறையும் கேட்கிறார். எங்களிடம் இன்னும் பதில் இல்லை.

மறுபடி செய்தால்

முதலில் வேலிக்கு அந்தப் பக்கம் போவோம், மசோதா வருவதற்கு முன்பே. குத்தகை கொடுக்காத அண்டையாருக்கும் பிரித்தகற்றும் உத்தரவாதத்தின் நகல், விளக்குக் கட்டுப்பாடு, வீட்டிலிருந்து நியாயமான தூரம்: இவற்றை நாமே கேட்டிருந்தால், 3,000 அடி விதிக்குப் பேச ஆள் குறைந்திருக்கும். எல்லாத் தூர விதியும் கெட்டது என்று நான் நினைக்கவில்லை. வீட்டிலிருந்து அளக்கும் விதி மனிதரைக் காக்கிறது. எல்லைக்கோட்டிலிருந்து, அதுவும் ஒரு மைல் சதுரத்தை முழுங்கும் அளவுக்கு அளக்கும் விதி வேறு வேலை செய்கிறது.

பிரதிநிதிகள் சபைக்கு டெக்சாஸ்வாசிகள் இணையத்திலேயே கருத்து அனுப்பலாம். ஆஸ்டினுக்கு வர முடியாத முதியவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அவர்களுக்கு இதைச் சொல்லாமல் விட்டோம். ஒரு மசோதாவுக்கு ஓர் ஆள் என்று பிரித்துக்கொண்டு மற்ற மின்சார மசோதாக்களின் திருத்தங்களையும் தினம் பார்க்க வேண்டும். சாட்சியத்தை இரண்டு நிமிடத்துக்கு எழுதாமல், ஒரு நிமிடத்தில் முடிகிற மாதிரி எழுத வேண்டும்.

2025க்கு அடுத்த வழக்கமான கூட்டத்தொடருக்கான தொடக்க நாள் 2027 ஜனவரி 12. வடக்கு நிலத்தின் ஒன்பது வாரிசுகளில் ஏழு பேரின் முகவரி கிடைத்திருக்கிறது. மீதி இருவரை ஆசிரியை தேடிக்கொண்டிருக்கிறார்.